தண்ணிக்கும் ஒரு பாஸ் புத்தகம் வேண்டும்



நம் குழுவில் யாராவது கடன் கேட்டால் நாம் உடனே தூக்கிக் கொடுத்துவிடுவதில்லை. மாட்டுக் கடன் என்றால் மாட்டின் பல்லைப் பார்க்கிறோம், எத்தனை லிட்டர் கறக்கும் என்று விசாரிக்கிறோம். தையல் மெஷின் என்றால் தைக்கத் தெரியுமா என்று கேட்கிறோம். ஆனால் "போர் போடணும்" என்று ஒரு உறுப்பினர் கேட்கும்போது மட்டும் நமக்குக் கேள்வி கேட்கத் தெரிவதில்லை. நீரோட்டம் பார்ப்பவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடப்பார். தேங்காய் எழுந்து நின்ற இடத்தில் லாரி வந்து நிற்கும். முன்னூறு அடி, ஐந்நூறு அடி என்று இறங்கும். தண்ணி வந்தால் சந்தோஷம். "புகையாத்தான் வந்துச்சு" என்றால்? பூமியில் ஒரு ஓட்டை, வீட்டில் ஒரு கடன். தவணையை மட்டும் மாதாமாதம் கட்டியாக வேண்டும்.

போர் போடுவது தப்பு என்று சொல்ல இந்தப் பாடம் எழுதவில்லை. கடன் வாங்குவதற்கு முன்னால் நம் ஊர்த் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது, எப்படி இருக்கிறது என்று நாமே அளந்து பார்க்க முடியும். அதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். கயிறு, வாளி, நோட்டு, பேனா போதும். எப்படி என்று பார்ப்போம், வாங்க.

நம் தண்ணி எங்கிருந்து வருது, எங்கே போகுது?

திருத்தணி மலைக்கு 365 படி என்று எல்லோருக்கும் தெரியும். மழை பெய்யும்போது அந்தப் படியில் நின்று பார்த்திருக்கிறீர்களா? மலையில் விழும் தண்ணீர் ஓடைகளாக இறங்கி ஏரிக்கும் குளத்துக்கும் போகிறது. மிச்சம் நந்தி ஆற்றில் சேருகிறது. நந்தி ஆறு கொசஸ்தலையாற்றில் கலக்கிறது. கொசஸ்தலையாறு பூண்டி ஏரிக்குப் போய், அங்கிருந்து எண்ணூரில் கடலில் சேருகிறது. 1944-ல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கம் சென்னைக்குக் குடிநீர் தரும் முக்கியமான ஏரிகளில் ஒன்று. ஆக, நம் வாசலில் பெய்யும் மழையில் ஒரு பங்கு சென்னையில் யாரோ ஒருவர் வீட்டுக் குடத்துக்குப் போகிறது.

மேல் பக்கம் பார்த்தால் ஆந்திரம். அங்கே கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் இங்கே பள்ளிப்பட்டில் ஆற்றில் வெள்ளம் வரும். ஆற்றுக்கு எல்லைக் கோடு தெரியாது. நாமே 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தவர்கள்தானே. இன்றைக்கும் நம் குழுக்களில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு பேசுகிறோம். கொசஸ்தலையாற்றின் குறுக்கே ஆந்திரத்தில் புதிய அணைகள் கட்டும் பேச்சு வந்தபோது, 2022 ஆகஸ்டில் தமிழக முதல்வர் ஆந்திர முதல்வருக்குக் கடிதம் எழுதினார். மேலே தடுத்தால் கீழே குறையும் என்பதுதான் கவலை. அதே நியாயம் ஊருக்குள்ளேயும் உண்டு. மேட்டு நிலத்தில் ஒருவர் இரவு பகலாக மோட்டார் ஓட்டினால் பள்ளத்து நிலத்துக் கிணறு வற்றும்.

இதே ஆற்றின் கடைசிப் பகுதியில் என்ன நடந்தது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1960-களின் பிற்பகுதியில் ஐக்கிய நாடுகள் சபையின் உதவியோடு ஆரணியாறு, கொசஸ்தலையாறு பகுதிகளில் நிலத்தடி நீர் ஆய்வு நடந்தது. மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர் நிறைய இருப்பது தெரிந்தது. ஆழ்துளைக் கிணறுகள் போட்டார்கள். விவசாயத்துக்கும், தொழிற்சாலைக்கும், சென்னைக்கும் வருஷக்கணக்காக எடுத்தார்கள். எடுத்த அளவுக்கு மழை திருப்பிக் கொடுக்கவில்லை. நல்ல தண்ணீர் காலி செய்த இடத்துக்குக் கடல் தண்ணீர் நுழைந்தது. 1969-ல் கடற்கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் வரை இருந்த உப்பு, பிற்பாடு 10 கிலோமீட்டரையும் தாண்டி உள்ளே வந்துவிட்டது. அதே மீஞ்சூர் பக்கத்தில்தான் 2010-ல் கடல் நீரைக் குடிநீராக்கும் தொழிற்சாலை திறக்கப்பட்டது.

நம் திருத்தணிக்குக் கடல் வராது. ஆனால் சேமிப்பை விட அதிகமாக எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

பாறைக்குள் எவ்வளவு கொள்ளும்?

மீஞ்சூரில் கீழே மணல். நம் பக்கம் கீழே பாறை. இந்த வித்தியாசம் முக்கியம். மணல், பஞ்சு மாதிரி தண்ணீரைப் பிடித்து வைக்கும். கெட்டிப் பாறை பிடிக்காது. மேலே மண், அதற்குக் கீழே சிதைந்த பாறை, அதற்கும் கீழே கருங்கல். சிதைந்த பாறையிலும், கருங்கல்லில் உள்ள வெடிப்புகளிலும்தான் தண்ணீர் நிற்கும். ஆழம் போகப் போக வெடிப்பு குறையும். அதனால்தான் பக்கத்துக் கொல்லையில் இருநூறு அடியில் தண்ணி வந்தாலும் நம் கொல்லையில் எண்ணூறு அடியிலும் புகை வருகிறது. அவர்கள் போர் ஒரு வெடிப்பைத் தொட்டது, நம்முடையது தொடவில்லை. இன்னும் ஆழமாகப் போனால் இன்னும் தண்ணி கிடைக்கும் என்ற நம்பிக்கைக்குப் பாறைப் பூமியில் உத்தரவாதம் கிடையாது.

அரசாங்கமும் இந்தக் கணக்கைப் போடுகிறது. தமிழ்நாட்டில் பகுதி பகுதியாக, மழையால் ஊறுவது எவ்வளவு, நாம் எடுப்பது எவ்வளவு என்று மதிப்பிடுகிறார்கள். ஊறுவதில் நூற்றுக்கு 70 பங்கு வரை எடுத்தால் பாதுகாப்பான பகுதி. 70-க்கு மேல் 90 வரை ஓரளவு அபாயம். 90-க்கு மேல் 100 வரை அபாயம். நூறைத் தாண்டினால் அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்ட பகுதி. 2017-ஆம் ஆண்டு மதிப்பீட்டில் தமிழ்நாட்டின் 1,166 குறுவட்டங்களில் 462 குறுவட்டங்கள் இந்தக் கடைசி வகையில் இருந்தன. அதாவது வரவை விடச் செலவு அதிகம். குடும்பத்தில் அப்படி நடந்தால் நகை அடகுக்குப் போகும். பூமியில் அப்படி நடந்தால் கிணறு அடகுக்குப் போகும், மீட்கவே முடியாது.

பக்கத்துச் சித்தூரில் அளந்தவர்கள்

"இதெல்லாம் இன்ஜினீயர் வேலை, நமக்கு எதுக்கு?" என்று கேட்கலாம். நம் பழைய மாவட்டமான சித்தூரிலேயே விவசாயிகள் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

2003-க்குப் பிறகு, அன்றைய ஆந்திரத்தில் வறட்சி அதிகமான ஏழு மாவட்டங்களில் ஒரு திட்டம் நடந்தது. சித்தூர், அனந்தபூர், கடப்பா, கர்நூல், மஹபூப்நகர், நல்கொண்டா, பிரகாசம் ஆகியவை அந்த ஏழு. ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் துணை நின்றது. தொண்டு நிறுவனங்கள் நடத்தின. 600-க்கும் மேற்பட்ட கிராமங்களில் ஆண்களும் பெண்களும் சேர்ந்து அளந்தார்கள். மழைமானி வைத்துத் தினமும் மழையைக் குறித்தார்கள். 15 நாளுக்கு ஒருமுறை கிணற்று நீர் மட்டத்தைப் பார்த்தார்கள். எழுதியதை ஊர்ப் பொது இடத்தில் பலகையில் போட்டார்கள். மழைக்காலப் பயிர் முடிந்ததும் எல்லோரும் உட்கார்ந்து, "இருக்கிற தண்ணி இவ்வளவு, இந்தப் பட்டத்தில் எதைப் பயிர் வைக்கலாம்?" என்று கணக்குப் போட்டார்கள்.

யாரும் யாரையும் நெல் வைக்காதே என்று தடுக்கவில்லை. அபராதமும் இல்லை. கணக்கைக் கண்ணால் பார்த்த பிறகு பலர் தாமாகவே நெல்லைக் குறைத்து, தண்ணீர் குறைவாகக் கேட்கும் பயிருக்கு மாறினார்கள். 2010-ல் உலக வங்கியின் அறிக்கை ஒன்று இதை நல்ல முன்மாதிரியாக எடுத்துச் சொன்னது.

உண்மையை முழுசாகச் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து வந்த திட்டம் முடிந்ததும் எல்லா ஊரிலும் அந்தப் பழக்கம் நிலைக்கவில்லை. கூட்டம் போட ஆள் இல்லை, நோட்டு எழுத ஆள் இல்லை. இங்கேதான் நமக்கு ஒரு பலம் இருக்கிறது. நாம் யாரும் சொல்லாமலே கூட்டம் போடுகிறோம். தீர்மானப் புத்தகம் எழுதுகிறோம். ஒரு ரூபாய் குறைந்தாலும் விடிய விடியக் கணக்குப் பார்க்கிறோம். பணத்துக்கு வைத்திருக்கும் இந்தப் பழக்கத்தைத் தண்ணீருக்கும் வைத்தால் போதும்.

கிணற்றை அளப்பது எப்படி?

1. ஊரில் நாலு திசைக்கு ஒன்றாக, மூன்று அல்லது நான்கு திறந்த கிணறுகளைத் தேர்ந்தெடுங்கள். ஏரிக்குக் கீழே ஒன்று, மேட்டில் ஒன்று, ஊர்க் குடிநீர்க் கிணறு ஒன்று இருக்கட்டும். போர்க் குழாயில் மூடியும் மோட்டாரும் இருப்பதால் அளப்பது கடினம். ஓடாமல் கிடக்கும் கைபம்பு இருந்தால் ஊராட்சியில் சொல்லி உதவி கேளுங்கள்.

2. கிணற்றுச் சுவரில் ஒரே இடத்தில் பெயின்டால் அடையாளம் போடுங்கள். எப்போதும் அந்த இடத்திலிருந்துதான் அளக்க வேண்டும்.

3. நைந்து போகாத கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சு போட்டு, நுனியில் கல்லையோ இரும்புக் குண்டையோ கட்டுங்கள். மெதுவாக இறக்குங்கள். தண்ணீரைத் தொட்டதும் சத்தம் கேட்கும், கயிறு தளரும். அடையாளத்திலிருந்து தண்ணீர் வரை எத்தனை அடி என்று எண்ணி எழுதுங்கள்.

4. காலையில், மோட்டார் போடுவதற்கு முன் அளக்க வேண்டும். மோட்டார் ஓடிய பிறகு அளந்தால் பொய்க் கணக்கு வரும்.

5. 15 நாளுக்கு ஒருமுறை ஒரே தேதியில் அளங்கள். எப்போதும் இரண்டு பேராகப் போங்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு வேண்டாம்.

படிக்கும்போது ஒரு விஷயம் கவனம். மே மாதத்தை ஜனவரியோடு ஒப்பிடக் கூடாது. கோடையில் இறங்குவதும், ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பிறகு ஏறுவதும் இயல்பு. போன மே மாதத்தையும் இந்த மே மாதத்தையும் ஒப்பிடுங்கள். உதாரணமாக, போன மே மாதம் 42 அடியில் இருந்த தண்ணீர், ஜனவரியில் 18 அடிக்கு ஏறி, இந்த மே மாதம் 46 அடிக்குப் போயிருந்தால், ஒரு வருஷத்தில் 4 அடி முதலையே தின்றிருக்கிறோம் என்று அர்த்தம். ஒரு வருஷம் மழை குறைவாக இருந்திருக்கலாம். மூன்று வருஷம் தொடர்ந்து இறங்கினால் அது எச்சரிக்கை.

மோட்டார் தண்ணீரையும் அளக்கலாம். 200 லிட்டர் டிரம் நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். 50 வினாடியில் நிரம்பினால் வினாடிக்கு 4 லிட்டர். அடுத்த மாதம் அதே டிரம் நிரம்ப 80 வினாடி ஆனால், வினாடிக்கு இரண்டரை லிட்டர்தான் வருகிறது.

ஒரு ஊரின் தண்ணீர் வரவு செலவு

நம் மாவட்டத்தில் வருஷத்துக்கு ஏறக்குறைய 1,100 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழை. ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். அப்படிப் பார்த்தால் ஒரு ஏக்கரில் ஒரு வருஷத்தில் விழுவது சுமார் 44 லட்சம் லிட்டர்! ஆனால் முக்கால்வாசி ஓடியும் ஆவியாகியும் போய்விடும். செடி கொடிகளும் குடிக்கும். பாறைப் பூமியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் கீழே இறங்குகிறது. ஏக்கருக்கு 4 லட்சத்து 40 ஆயிரம் லிட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

பாடத்துக்காக 300 ஏக்கர் பரப்புள்ள ஒரு சின்ன ஊரை எடுத்துக்கொள்வோம். 150 குடும்பம், 750 பேர்.

வரவு: 300 ஏக்கர் × 4.4 லட்சம் = 1,320 லட்சம் லிட்டர்.

செலவு:
- கிணற்றுப் பாசனத்தில் நவரை நெல் 15 ஏக்கர் (ஏக்கருக்கு சுமார் 48 லட்சம் லிட்டர்) – 720 லட்சம்
- கரும்பு 5 ஏக்கர் (ஏக்கருக்கு சுமார் 80 லட்சம்) – 400 லட்சம்
- வேர்க்கடலை 10 ஏக்கர் (ஏக்கருக்கு சுமார் 20 லட்சம்) – 200 லட்சம்
- வீட்டுத் தேவை, ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் – 150 லட்சம்
- மொத்தம் – 1,470 லட்சம் லிட்டர்

150 லட்சம் லிட்டர் துண்டு விழுகிறது. கவனித்தீர்களா? ஊர் முழுக்க வருஷம் பூராவும் குடித்து, குளித்து, துவைக்கும் தண்ணீரும் அதே 150 லட்சம்தான். மோட்டார் வயலில் ஓடி முடித்த பிறகு பற்றாக்குறை யார் தலையில் விழும்? இடுப்பில் குடத்தோடு குழாயடியில் நிற்கும் நம் தலையில்.

இப்போது 15 ஏக்கர் நெல்லில் 6 ஏக்கரை மட்டும் வேர்க்கடலைக்கு மாற்றிப் பாருங்கள். நெல் 432, கரும்பு 400, வேர்க்கடலை 320, வீடு 150. மொத்தம் 1,302. வரவுக்குள் செலவு வந்துவிட்டது! யாரும் நெல்லை முழுசாக விட வேண்டியதில்லை. கரும்பை வெட்டி எறிய வேண்டியதில்லை.

இது எழுதிக் காட்டும் கணக்குதான். உங்கள் ஊரில் ஏரி நிரம்பினால் கூடுதலாக ஊறும். வயலில் பாய்ச்சியதில் கொஞ்சம் திரும்பவும் இறங்கும். மழையும் வருஷத்துக்கு வருஷம் மாறும். உங்கள் ஊர்க் கணக்கை வேளாண்மைத் துறை அலுவலரைக் கூட்டத்துக்கு அழைத்து, அவரோடு உட்கார்ந்து போடுங்கள். வீட்டு வரவையும் மறக்காதீர்கள். இருபதுக்கு இருபது அடி மாடியில் வருஷத்துக்கு சுமார் 40 ஆயிரம் லிட்டர் மழை விழுகிறது. 2003-ல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று சட்டம் வந்தபோது வைத்த குழாய் இன்னும் வேலை செய்கிறதா என்று மழைக்கு முன் பாருங்கள்.

ஏரித் தண்ணீரைப் பார்ப்பது எப்படி?

ஏரி, ஊருக்கே பொதுவான சேமிப்புக் கணக்கு. ஏரி நிரம்பினால் கீழே உள்ள கிணறுகள் தானாக ஊறும். பழைய காலத்தவர் இதை நன்றாகப் புரிந்திருந்தார்கள். சோளிங்கர் பக்கம் மகேந்திரவாடியில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் பெயரில் ஒரு ஏரி இருந்ததை அங்குள்ள குடைவரைக் கோயில் கல்வெட்டு சொல்கிறது. உத்திரமேரூரில் சோழன் முதலாம் பராந்தகன் காலத்தில், ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே, ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம் என்று தனியாக ஒரு குழுவே இருந்தது.

ஆனால் ஏரியில் தண்ணீர் இருந்தால் மட்டும் போதாது. சாக்கடையும் குப்பையும் சாயமும் கலந்தால் அதுவும் கிணற்றுக்குத்தான் இறங்கும். மண் ஒரு வடிகட்டி. கிருமியில் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் உப்பு, நைட்ரேட், சாயக் கழிவில் உள்ள ரசாயனம் ஆகியவற்றைப் பெரும்பாலும் மண் பிடிக்காது. சாயக் கழிவால் நொய்யல் ஆறு கெட்டுப்போனதை நாடே பார்த்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர் சாய ஆலைகளை மூடச் சொல்லும் அளவுக்கு நிலைமை போனது. நம் பக்கமும் ஆர்.கே.பேட்டை, பொதட்டூர்பேட்டை என்று தறி ஓடும் ஊர்கள் இருக்கின்றன. நூலுக்குச் சாயம் போடும் குடும்பங்கள் நம் குழுவிலேயே இருக்கலாம். அவர்கள் பிழைப்பும் வேண்டும், கிணறும் வேண்டும். கழிவு நீரை ஓடையில் விடாமல் என்ன செய்வது என்று அவர்களையும் உட்கார வைத்துப் பேசுவதே வழி.

மாதம் ஒருமுறை ஏரிக்கரையில் இவற்றைப் பாருங்கள்:

- நிறமும் நாற்றமும். மழைக்குப் பின் செம்மண் கலங்கல் இயல்பு. கோடையில் பச்சைப் பாயாசம் மாதிரி இருந்தால் பாசி பெருத்துவிட்டது. சாக்கடையும் உரமும் சேருவதன் அடையாளம் அது.
- ஆகாயத்தாமரை எவ்வளவு இடத்தை மூடியிருக்கிறது? கால்வாசியா, பாதியா?
- விடியற்காலையில் மீன் செத்து மிதக்கிறதா? பாசியும் செடியும் இரவில் தண்ணீரில் உள்ள காற்றை இழுத்துவிடும். அதனால் மீன் மூச்சு முட்டிச் சாவது பெரும்பாலும் விடியலில்தான்.
- தெளிவு. ஒரு சாண் அகல மூடிக்கு வெள்ளை பெயின்ட் அடித்து, கயிற்றில் கட்டி இறக்குங்கள். எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று குறியுங்கள். 1865-ல் இத்தாலி நாட்டுப் பாதிரியார் செக்கி சொல்லிக் கொடுத்த முறை இது. இன்றும் உலகம் முழுக்க ஏரிகளை இப்படித்தான் பார்க்கிறார்கள். மதகு மேடை போல உறுதியான இடத்தில் நின்று செய்யுங்கள்.
- வரத்துக் கால்வாய். எங்கே அடைப்பு, எங்கே ஆக்கிரமிப்பு, எந்த இடத்தில் சாக்கடை சேருகிறது என்று நடந்து போய்ப் பார்த்து எழுதுங்கள்.

குடிக்கிற தண்ணிக்குச் சோதனை

கண்ணுக்குத் தெளிவாக இருப்பது நல்ல தண்ணீர் என்று நம்பக் கூடாது. இந்திய தர நிர்ணய அமைவனம் குடிநீருக்கு வகுத்த அளவுகளில் சில இதோ (ஒரு லிட்டரில்):

- நைட்ரேட்: 45 மில்லிகிராமுக்கு மேல் கூடவே கூடாது. அதிகமானால் கைக்குழந்தைக்கு உடம்பு நீலம் பாரிக்கும் ஆபத்து. எருக்குழி, கழிவறைக் குழி, யூரியா ஆகியவற்றிலிருந்து வருகிறது.
- ஃபுளூரைடு: 1 மில்லிகிராம். வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் 1.5 வரை. அதிகமானால் பிள்ளைகள் பல்லில் பழுப்புக் கறை, நாளடைவில் எலும்பு வலி. பாறையிலிருந்தே வரலாம்.
- கரைந்துள்ள உப்புகள் (டி.டி.எஸ்.): 500. வேறு வழி இல்லாவிட்டால் 2,000 வரை.
- கடினத்தன்மை: 200. வேறு வழி இல்லாவிட்டால் 600 வரை. பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது.
- ஈ.கோலி என்ற மலக் கிருமி: 100 மில்லி தண்ணீரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில், ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டியில் தண்ணீர் சோதிக்கப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று வைத்தார்கள். உங்கள் ஊரில் அந்த ஐந்து பேர் யார்? பெட்டி எங்கே இருக்கிறது? ஊராட்சியில் கேளுங்கள். கிருமிக்குச் சின்ன பாட்டில் ஒன்று உண்டு. அதில் தண்ணீரை ஊற்றி ஒன்றிரண்டு நாள் வைத்தால், மலக் கிருமி இருக்கும் தண்ணீர் கறுத்துவிடும். 1982-ல் குவாலியரில் உள்ள நம் ராணுவ ஆராய்ச்சிக் கூடத்து விஞ்ஞானிகள் கண்டுபிடித்த முறை இது. சந்தேகம் வந்தால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பலாம்.

உறுப்பினர்கள் கேட்பது

"அக்கா, கொதிக்க வெச்சா எல்லாம் சரியாயிடும் இல்ல?"

கிருமி சாகும். அதனால் கைக்குழந்தைக்கும் நோயாளிக்கும் கொதிக்க வைத்த தண்ணீரே கொடுங்கள். ஆனால் நைட்ரேட், ஃபுளூரைடு, உப்பு எதுவும் போகாது. தண்ணீர் சுண்டினால் அவை இன்னும் கெட்டியாகும். அந்தக் கோளாறு இருந்தால் வேறு கிணற்றுத் தண்ணீர்தான் வழி.

"வீட்டுக்கு வந்து பேனா மாதிரி ஒண்ண விட்டுப் பார்த்து, உங்க தண்ணி கெட்டதுன்னு மெஷின் விக்கறாங்களே?"

அந்தப் பேனா கரைந்த உப்பை மட்டும் காட்டும். கிருமியைக் காட்டாது. இன்னும் சிலர் தண்ணீரில் இரண்டு கம்பியை விட்டுக் கரண்ட் கொடுப்பார்கள். தண்ணீர் பழுப்பாக மாறும். அது கம்பியிலிருந்து கரையும் இரும்பு. அழுக்கு இல்லை. அதைப் பார்த்துப் பயந்து தவணையில் மெஷின் வாங்க வேண்டாம். முதலில் ஆய்வகச் சோதனை.

"புகைஞ்சு போன போரை என்ன பண்றது?"

இன்றைக்கே மூடுங்கள். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை அப்படிப்பட்ட குழியில் விழுந்து உயிரிழந்ததை மறக்க முடியுமா? அதில் மழைநீர் இறக்கலாமா என்றால், வடிகட்டும் தொட்டியோடு, தெரிந்தவர் யோசனையில் செய்தால் உண்டு. வாசல் சாக்கடையை மட்டும் ஒருபோதும் விடாதீர்கள். அது நேராக அடுத்த வீட்டுக் குடிநீருக்குப் போய்ச் சேரும்.

அடுத்த கூட்டத்தில் செய்ய வேண்டியது

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். முதல் பக்கத்தில் "எங்கள் ஊர்த் தண்ணீர்ப் பாஸ் புத்தகம்" என்று எழுதுங்கள். மழை, கிணறு, ஏரி, குடிநீர்ச் சோதனை என்று நான்கு பகுதி பிரியுங்கள். எழுதும் பொறுப்பை ஊக்குநர் ஒருவர் தலையிலேயே கட்ட வேண்டாம். மாதத்துக்கு இருவர் என்று முறை வையுங்கள். பள்ளிக்கூடத்தில் படிக்கும் பெண் பிள்ளைகளையும் கூட அழைத்துப் போங்கள்.

பிறகு இந்தக் கேள்விகளைக் குழுவில் பேசி, முடிவைத் தீர்மானத்தில் எழுதுங்கள்:

1. கடந்த ஐந்து வருஷத்தில் நம் ஊரில் எத்தனை போர் போட்டார்கள்? எத்தனையில் இப்போது தண்ணி வருகிறது? புகைந்து போனவற்றுக்கு வாங்கிய கடன் எவ்வளவு?
2. இனி போர்க் கடன் கேட்டால், பக்கத்துக் கிணறுகளின் ஒரு வருஷ அளவைப் பார்த்த பிறகுதான் கொடுப்பது என்று விதி வைக்கலாமா?
3. ஒரே போரை இரண்டு மூன்று குடும்பம் பங்கிட்டுக்கொள்ள முடியுமா?
4. ஏரி வரத்துக் கால்வாயில் முதலில் எந்த அடைப்பை எடுக்க வேண்டும்?

மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தன்று தமிழ்நாட்டில் கிராமசபை கூடுகிறது. "தண்ணி வரல" என்று சொன்னால் "பார்க்கலாம்மா" என்ற பதில்தான் வரும். நோட்டைத் திறந்து, "போன மே மாசம் 42 அடி, இந்த மே மாசம் 46 அடி. சாக்கடை சேருவது இந்த மதகுப் பக்கம். கைபம்புத் தண்ணியில் பாட்டில் கறுத்துப்போச்சு" என்று தேதியோடு படியுங்கள். தீர்மானத்தில் ஏற்றச் சொல்லுங்கள். அதன் நகலை உங்கள் நோட்டிலேயே ஒட்டி வையுங்கள்.

முதல் அளவை எடுத்த தேதியையும் அடியையும் நம் கூட்டமைப்பு அலுவலகத்துக்கு எழுதி அனுப்புங்கள். எல்லா ஊர் அளவும் ஒன்றாகச் சேர்ந்தால்தான் நந்தி ஆற்றங்கரை முழுவதற்கும் ஒரு கணக்கு கிடைக்கும்.